பேட்டரி புதிது, செல்ஃப் மட்டும் அடிக்கவில்லை: ஏறி ஓட்டும் புல்வெட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டிக்கு வயது 12. ஒரே சிலிண்டர், காற்றால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். கொள்ளளவு சுமார் 500 சிசி, 17.5 குதிரைத்திறன். கிராங்க் தண்டு நெட்டுக்குத்தாக நிற்கும் வகை. ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) மேலே, பெல்ட் ஓடும் புல்லி கீழே. வால்வுகள் சிலிண்டர் ஹெட்டில். 12 வோல்ட் பேட்டரி, செல்ஃப் மோட்டார், நடுவில் ஒரு சோலனாய்டு (சாவியைத் திருப்பியதும் பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் மின்சுவிட்ச்). பிளக்குக்கான தீப்பொறி பேட்டரியிலிருந்து வருவதில்லை. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் பக்கத்துக் காயிலைக் கடக்கும்போது உண்டாகிறது.

உரிமையாளர் ஓய்வு பெற்ற பெரியவர். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், கைப்பழக்கமும் உண்டு. ஐந்து மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியை வெளியே எடுத்து சாவியைத் திருப்பியிருக்கிறார். "டக்" என்று ஓர் ஓசை, எஞ்சின் அரைச்சுற்று நகர்ந்து நின்றுவிட்டது. மறுபடி திருப்பினால் "டக்" மட்டும்.

அடுத்த இரண்டு வாரத்தில் அவர் செய்தவை: பேட்டரியை மாற்றினார். குறை தீரவில்லை. சோலனாய்டை மாற்றினார். அப்போதும் தீரவில்லை. தெரிந்தவர் ஒருவர் "சீட் சுவிட்ச்தான் கோளாறு" என்று சொல்ல, அந்த சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒரு கம்பித் துண்டால் முறுக்கி இணைத்தார். கடைசியில், ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டார். அப்போது எஞ்சின் நாலைந்து சுற்று சுற்றி ஒருமுறை பட்டென்று வெடித்து நின்றது. "அப்போ பேட்டரிதான் பத்தலைன்னு தெரிஞ்சு போச்சு தம்பி, புதுசும் டூப்ளிகேட் போல" என்றார். செல்ஃப் மோட்டாரையும் மாற்றிவிடுவதா என்று கேட்கத்தான் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார்.

அந்த ஜம்பர் கேபிள்தான் இந்தக் கதையில் எல்லோரையும் (என்னையும் சேர்த்து) தவறான பக்கம் இழுத்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் நாள் மாலை: கேட்டதும் பார்த்ததும்

பிளேடு சுவிட்ச் அணைந்திருந்தது, பார்க்கிங் பிரேக் போட்டிருந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். அளவு சரி, பெட்ரோல் வாடை இல்லை. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல், சென்ற பருவத்தில் ஊற்றியது. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் நெடிக்குப் பதிலாக பழைய வார்னிஷ் வாடை அடித்தது. இதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் சுழலாத எஞ்சினுக்குப் பெட்ரோல் அடுத்த பிரச்சினைதான்.

சீட் சுவிட்சில் இருந்த கம்பித் துண்டை அப்போதே அவிழ்த்துவிட்டேன். "அது இருக்கட்டுமே தம்பி, எடுத்தா மறுபடி தகராறு பண்ணும்" என்றார் பெரியவர். இரண்டு காரணம் சொன்னேன். ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தாலோ விழுந்தாலோ எஞ்சினை நிறுத்துவது அந்த சுவிட்ச். அது இல்லாவிட்டால் கீழே பிளேடு சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டாவது, இந்த வண்டியில் சாவியிலிருந்து சோலனாய்டுக்குப் போகும் ஒயர் பிரேக் பெடல் சுவிட்ச் வழியாகவும் பிளேடு சுவிட்ச் வழியாகவும் போகிறது. சீட் சுவிட்சின் வேலை தீப்பொறியைத் துண்டிப்பது. சோலனாய்டு "டக்" என்று சொல்லிவிட்டது என்றால் அந்த வழியில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்கள் எல்லாம் வழிவிட்டுவிட்டன என்று பொருள். அந்த ஓசைக்குப் பிறகும் எஞ்சின் சுழலவில்லை என்றால் கோளாறு அந்த சுவிட்ச்களில் இல்லை. ஓசையே வராத வண்டியில் மட்டும்தான் சுவிட்ச்களைச் சந்தேகிக்க வேண்டும்.

மீட்டரோடு ஒரு மணி நேரம்

பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டியது, முழு சார்ஜ். சாவியைத் திருப்பி, எஞ்சின் முட்டி நிற்கும் நேரத்தில் பேட்டரி முனைகளிலேயே பார்த்தால் 8.6. பொதுவாக 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகி என்பது எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் "நான் சொன்னேனே" என்பது இருந்தது.

அந்த 8.6-ஐ நான் சரியாகப் படிக்கவில்லை. செல்ஃப் மோட்டார் சுழலும்போது தனக்குள்ளேயே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். இழுக்கும் கரண்டை அடக்கி வைப்பது அதுதான். மோட்டார் முட்டி நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு இல்லாமல் போகிறது, கரண்ட் எகிறுகிறது. அப்போது நல்ல பேட்டரியின் வோல்ட்டும் விழத்தான் செய்யும். ஆக, நான் பார்த்த எண் மோட்டார் நின்றதன் விளைவு. மோட்டார் ஏன் நின்றது என்பதற்கு அதில் பதில் இல்லை. இதெல்லாம் தெரியாத விஷயமில்லை. அன்று மாலை நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து கேபிள்களில் விழும் வோல்ட்டைப் பார்த்தேன். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டிலும் வைத்து சாவியைத் திருப்பினால் 0.3. பரவாயில்லை. பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே வைத்தபோது 0.9. எர்த் கேபிளை சேஸிஸில் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினேன். லக்குக்கு (கேபிள் நுனி வளையத்துக்கு) அடியில் பெயின்ட், பெயின்டுக்கு மேல் செம்பழுப்புத் துரு. கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கினேன். மீட்டரை அதே இடத்தில் வைத்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினேன். 0.15 மட்டும் விழுந்தது, எஞ்சின் சுழன்றது. நாலைந்து நொடி தடையில்லாமல் சுழன்றது. ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனால் அது பழைய பெட்ரோலின் வேலை என்று எடுத்துக்கொண்டேன். "எர்த்துதான் ஐயா கோளாறு. நாளைக்குக் காலையில பெட்ரோலை இறக்கிட்டு கார்புரேட்டரைப் பார்த்தா முடிஞ்சுது" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரே ஒரு முறைதான் சாவியைத் திருப்பினேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் நாள் காலை: மறுபடி "டக்"

காலையில் முதல் வேலையாக சாவியைத் திருப்பினேன். "டக்." அரைச்சுற்று. நின்றது. எர்த் 0.15-லேயே இருந்தது, பேட்டரி 12.6.

நேற்று ஏன் சுழன்றது என்று கொஞ்ச நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யோசித்ததில் விடை கிடைத்தது. எர்த் போல்ட்டை எட்டுவதற்காக மேல் கவசத்தைக் கழற்றியபோது ஃப்ளைவீலைக் கையால் கொஞ்சம் திருப்பியிருந்தேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் கம்ப்ரஷன் வரும்; பிஸ்டன் மேலேறி உள்ளிருக்கும் காற்றை அமுக்கும் அந்தக் கட்டம் செல்ஃப் மோட்டாருக்கு ஒரு மேடு மாதிரி. பிஸ்டன் அந்த மேட்டைத் தாண்டிய இடத்தில் நின்றிருந்தால் செல்ஃப் மோட்டாருக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று ஓடுகளம் கிடைக்கிறது. அதற்குள் கனமான ஃப்ளைவீல் வேகம் பிடித்து, அந்த வேகத்திலேயே அடுத்த மேட்டை ஏறிவிடுகிறது. சாவியை விட்டதும் எஞ்சின் தானாக நிற்கும் இடமோ பெரும்பாலும் மேட்டின் அடிவாரம். கம்ப்ரஷன் தள்ளிவிடுவதால் அங்கேதான் வந்து நிற்கும். இரவு முழுக்க அங்கேயே நின்ற பிஸ்டன் காலையில் ஓட்டம் இல்லாமல் நேராக மேட்டில் முட்டியது.

காரிலிருந்து ஜம்பர் போட்டபோது சுழன்றதும் இதே கணக்குதான். காரின் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து கொடுத்த கூடுதல் கரண்ட் மேட்டை முரட்டுத்தனமாக ஏற வைத்தது. பலம் போதவில்லை என்ற முடிவு அதிலிருந்து வந்தது. சுமை கூடிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

பிளக்கைக் கழற்றியதும்

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரை எஞ்சின் உடம்போடு எர்த் செய்து கட்டினேன். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும், பக்கத்தில் தீப்பொறி அடித்தால் விபரீதம். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் விர்ரென்று சுழன்றது. பேட்டரி முனையில் 11.1 வோல்ட்.

இரண்டு நிமிட வேலை. அது பல சந்தேகங்களை ஒரே வீச்சில் கழித்துக் கட்டியது. பேட்டரி, கேபிள், சோலனாய்டு, செல்ஃப் மோட்டார் எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பேரிங் இறுகவில்லை, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வவில்லை, கீழே பெல்ட்டும் இழுக்கவில்லை. இவற்றில் எது இருந்தாலும் பிளக் இல்லாமலும் தடுமாறியிருக்கும். ஆக, செல்ஃப் மோட்டாரால் தாங்க முடியாத சுமை கம்ப்ரஷனில்தான் இருக்கிறது.

கம்ப்ரஷன் மேடு செல்ஃப் மோட்டாருக்குக் கடினமாவதற்கு மூன்று வழி தெரியும். ஒன்று, கார்புரேட்டரின் ஊசி வால்வு கசிந்து சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்குவது; திரவம் அமுங்காது, எஞ்சின் சுவரில் மோதியதுபோல நிற்கும். ஆனால் பிளக் காய்ந்திருந்தது, ஓட்டையிலிருந்து ஒரு சொட்டும் தெறிக்கவில்லை, ஆயிலிலும் வாடையில்லை. இரண்டு, ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டான ஃப்ளைவீல் சாவி பாதி அறுந்து தீப்பொறி நேரத்துக்கு முன்பே அடித்து, எஞ்சினைப் பின்னுக்கு உதைப்பது. பிளக்கை மறுபடி மாட்டி, ஒயரை மட்டும் எர்த்திலேயே விட்டு சாவியைத் திருப்பினேன். தீப்பொறியே இல்லாதபோதும் அதே இடத்தில் முட்டியது. அதுவும் கழிந்தது.

மிஞ்சியது மூன்றாவது: கம்ப்ரஷனைத் தளர்த்தும் ஏற்பாடு வேலை செய்யவில்லை.

அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது

500 சிசி ஒற்றைச் சிலிண்டரின் முழுக் கம்ப்ரஷனை இந்த அளவு செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் நின்ற நிலையிலிருந்து தள்ள வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டில் ஒரு சிறு எடைக்கட்டியும் ஒரு பின்னும் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அந்தப் பின் கேமின் மேற்பரப்பிலிருந்து சற்றே துருத்தி நிற்கும். பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வரும்போது, முழுக்க மூடியிருக்க வேண்டிய வால்வை அது ஒரு மயிரிழை தூக்கிவிடும். கொஞ்சம் காற்று வெளியேறும், மேடு தாழும். வேகம் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றைத் தாண்டியதும் மையவிலக்கு விசையில் எடைக்கட்டி விலகும், பின் உள்ளே போகும், முழுக் கம்ப்ரஷனும் திரும்பக் கிடைக்கும். இந்த எஞ்சினில் தூக்கப்படுவது எக்ஸாஸ்ட் வால்வு. இன்டேக் வால்வைத் தூக்கும் எஞ்சின்களும் உண்டு.

இதில் ஒரு பலவீனம். பின் தூக்குவது மில்லிமீட்டரில் ஒரு பங்கு. கேமிலிருந்து வால்வு வரைக்கும் டேப்பட், புஷ்ராட், ராக்கர் என்று ஒரு சங்கிலி. ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே டேப்பட் இடைவெளி. அந்த இடைவெளி அதிகமானால், பின் தூக்குவதெல்லாம் இடைவெளியை நிரப்புவதிலேயே தீர்ந்துபோகும். வால்வு அசையாது.

பெரியவரிடம் போனில் கேட்டேன்: "ஐயா, போன பருவத்துல எஞ்சின் ஓடும்போது மேல்பக்கம் டிக் டிக்னு சத்தம் ஏதாவது வந்துச்சா?"

"அது ரெண்டு வருஷமாவே வருது தம்பி. வயசாச்சு, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

சாவியைத் திருப்பினால் சில நேரம் ஒரு கணம் தயங்கி, பிறகு சுழலும் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. முதல் நாள் நான் பேட்டரியைப் பற்றி மட்டும் கேட்டேன், அவரும் பேட்டரியைப் பற்றி மட்டும் சொன்னார்.

டேப்பட்டை அளந்தது

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருந்தது. வால்வு மூடியின் நான்கு ஸ்குருவைக் கழற்றினேன். உள்ளே ஆயில் சுத்தமாக இருந்தது. எக்ஸாஸ்ட் ராக்கரை விரலால் ஆட்டினால் கேட்கும்படியே "டக் டக்" என்றது.

அளப்பதற்கு பிஸ்டன் எங்கே நிற்க வேண்டும் என்பது முக்கியம். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து ஃப்ளைவீலை மேலிருந்து பார்க்க வலப்பக்கமாகத் திருப்பினேன். காற்று விரலைத் தள்ளும் சுற்றுதான் கம்ப்ரஷன் சுற்று. மற்ற சுற்றில் பிஸ்டன் உச்சியில் இருந்தாலும் வால்வுகள் திறப்பும் மூடலுமாக இருக்கும், அளவு பொய் சொல்லும். பிறகு ஓட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டேன். இரும்புக் கம்பி வேண்டாம்; பிஸ்டன் தலையில் கீறும், சிக்கிக்கொண்டால் இன்னும் மோசம். குழல் ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கத் தொடங்கும் இடம் உச்சி. உச்சி மட்டத்தில் குழலில் பேனாவால் ஒரு கோடு, அதற்கு 6 மில்லிமீட்டர் மேலே இன்னொரு கோடு. இரண்டாவது கோடு, முதல் கோடு இருந்த மட்டத்துக்கு இறங்கும்வரை ஃப்ளைவீலை அதே திசையில் மெல்ல நகர்த்தினேன். சரியாக உச்சியிலேயே அளக்காமல் 6 மில்லிமீட்டர் தாண்டி அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. உச்சிக்குப் பக்கத்தில் அந்தத் தூக்கும் பின் டேப்பட்டுக்கு அடியிலேயே இருக்கக்கூடும். அங்கே அளந்து இடைவெளியைச் சரிசெய்தால் பின் விலகியதும் இடைவெளி கூடிவிடும்.

ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இலைகளை) நுழைத்தேன். இந்த எஞ்சினுக்குரிய அளவு இன்டேக்கில் 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் 0.13 முதல் 0.18. இன்டேக் 0.20 இருந்தது. எக்ஸாஸ்ட்டில் 0.40 இலை எந்த உரசலும் இல்லாமல் போய் வந்தது. 0.45 இலைதான் லேசாகப் பிடித்தது.

எக்ஸாஸ்ட் ராக்கரின் நட்டுக்குள் இருக்கும் சிறு பூட்டுத் திருகு, திருகுச் சாவி வைத்ததும் எதிர்ப்பே இல்லாமல் திரும்பியது. அது எப்போதோ இறுக்காமல் விடப்பட்டதா, நாளாவட்டத்தில் தானே தளர்ந்ததா என்று சொல்ல வழியில்லை. புஷ்ராட் இரண்டையும், ஒன்றுக்கொன்று மாறிவிடாதபடி அடையாளமிட்டுக் கழற்றி, கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தேன். வளைவு இல்லை. ராக்கர் முனைகளில் சாதாரணத் தேய்மானம்தான். எதையும் மாற்றத் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

இன்டேக்கை 0.10-க்கும் எக்ஸாஸ்ட்டை 0.15-க்கும் வைத்தேன். பூட்டுத் திருகை இறுக்கும்போது நட்டும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். எனக்கு மூன்றாவது தடவையில்தான் 0.15 நிலைத்தது.

மூடியைப் போடுவதற்கு முன் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி எக்ஸாஸ்ட் ராக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்டேக் வால்வு திறந்து மூடியது. பிஸ்டன் மேலே வரத் தொடங்கியது. அப்போது எக்ஸாஸ்ட் ராக்கர் மெல்லத் தலையாட்டிவிட்டுத் திரும்பியது. கவனிக்காதவர் கண்ணுக்குத் தப்பிவிடும் அசைவு. கேம்ஷாஃப்ட்டில் உள்ள பின் உடையவில்லை என்பதற்கு அதுவே சான்று. அது அசையாமல் இருந்திருந்தால் எஞ்சினை அடியோடு பிரித்து கேம்ஷாஃப்ட்டை வெளியே எடுக்கும் வேலையாக இருந்திருக்கும்.

(கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். இந்த வகை எஞ்சினில் அது காட்டும் எண்ணை நம்புவது கடினம். தளர்த்தும் ஏற்பாடு ஒழுங்காக இருந்தால் நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும்.)

பிளக்கை மாட்டி சாவியைத் திருப்பினேன். சுழன்றது. இந்த முறை அதோடு விடவில்லை. ஃப்ளைவீலைக் கையால் திருப்பி, பிஸ்டனை வேண்டுமென்றே மேட்டின் அடிவாரத்தில் நிறுத்தி, அங்கிருந்து சாவியைத் திருப்பினேன். ஐந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே செல்ஃப் மோட்டார் ஆற ஒரு நிமிடம் விட்டு. ஐந்தும் சுழன்றன. பேட்டரி முனையில் 10.4-க்குக் கீழே போகவில்லை.

சுழல்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

இரண்டாவது கோளாறு எதிர்பார்த்ததுதான், ஆகவே சுருக்கமாக. பிளக் ஒயரில் டெஸ்டரை மாட்டியபோது நல்ல நீலப் பொறி தாண்டியது. ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை ஒரு நொடி அடித்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு நொடி உறுமி அணைந்தது. தீப்பொறியும் கம்ப்ரஷனும் இருக்கின்றன, பெட்ரோல்தான் வரவில்லை.

கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் பெட்ரோலை வெட்டும் சோலனாய்டு ஒன்று இருக்கிறது. சாவியைப் போட்டதும் அது "கிளிக்" என்றது, அதனால் மின்சாரம் வருகிறது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டபோது பெட்ரோல் நூல்போல இறங்கியது. வடிகட்டி பழையது, அடைத்திருந்தது. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பழுப்பேறிய பிசுபிசுப்பு, ஓரத்தில் வெள்ளைப் பொடி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கிடந்தால் உலோகத்தை அரித்து இப்படிப் பூக்கும். மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் துண்டை) வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் துழாவித் திறந்தேன். எஃகு ஊசியோ டிரில்லோ வைத்தால் ஜெட்டின் துளை பெரிதாகிவிடும், பிறகு எஞ்சின் கரும்புகை தள்ளும்.

பழைய பெட்ரோல் முழுவதையும் இறக்கி, வடிகட்டியை மாற்றி, புதியது ஊற்றினேன். சோக்கை இழுத்து சாவியைத் திருப்பினேன். மூன்றாவது நொடியில் எஞ்சின் ஓடத் தொடங்கியது. டிக் டிக் சத்தம் இல்லை.

அதன் பிறகு

40 நிமிடம் ஓட விட்டு, சூடான நிலையில் நிறுத்தி, உடனே மறுபடி கிளப்பினேன்; கிளம்பியது. ஓட்டும் நிலையில் இருக்கையிலிருந்து எழுந்து பார்த்தேன், எஞ்சின் அணைந்தது. சீட் சுவிட்ச் முதலிலிருந்தே நல்ல நிலையில்தான் இருந்திருக்கிறது. அன்று வண்டியைக் கொடுக்கவில்லை. ஓர் இரவு குளிர விட்டு, மறுநாள் காலையில் பெரியவரையே உட்கார வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரே திருப்பில் கிளம்பியது. அவர் கொஞ்ச நேரம் சாவியிலிருந்து கையை எடுக்காமல் இருந்தார்.

ஏறக்குறைய 25 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு வண்டியை மறுபடி வரவழைத்து டேப்பட்டை அளந்தேன். எக்ஸாஸ்ட் 0.15-லேயே நின்றது. பூட்டுத் திருகு அசையவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

"டக்" என்று முட்டி நிற்கும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் வந்தால் மீட்டரை எடுப்பதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிச் சுழற்றிப் பார்ப்பேன். பிளக் இல்லாமலும் தடுமாறினால் மின்பக்கத்தையும் பேரிங், பெல்ட்டையும் பார்க்கலாம். தாராளமாகச் சுழன்றால் வால்வு மூடியைத் திறக்க வேண்டும். இந்த வண்டியில் இந்த வரிசையைப் பின்பற்றியிருந்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சம், ஒரு தவறான உறுதிமொழியும் மிச்சம். எர்த் போல்ட்டின் துரு நிஜமான குறைதான். சுத்தம் செய்தது வீண் இல்லை. ஆனால் கையில் ஒரு குறை சிக்கியதும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

எஞ்சின் ஒருமுறை சுழன்றதும் சரியாகிவிட்டது என்று இனி சொல்வதில்லை. பிஸ்டனை மோசமான இடத்தில் நிறுத்தி, குளிர்ந்த பிறகு, பல தடவை பார்த்த பின்புதான் வாய் திறப்பது. முதல் விசாரிப்பிலேயே "ஓடும்போது என்ன சத்தம் வந்தது" என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். கிளம்பாத எஞ்சினைப் பற்றி விசாரிக்கையில் அது ஓடிய காலத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றுவதில்லை.

பெரியவரிடம் சொன்னவை குறைவு. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும் முன் பெட்ரோலை இறக்கிவிடவும், இல்லையென்றால் நிலைநிறுத்தும் திரவம் கலந்து சில நிமிடம் ஓட்டி கார்புரேட்டர் வரை அது போகும்படி செய்யவும். ஆண்டுக்கு ஒருமுறை டேப்பட்டை அளக்கவும். ஓடும் காரிலிருந்து இந்தப் பேட்டரிக்கு இனி ஜம்பர் போட வேண்டாம்.

அவர் கழற்றிப்போட்ட பழைய பேட்டரியையும் சோலனாய்டையும் வண்டியோடு கொண்டுவந்திருந்தார். பேட்டரி சார்ஜ் ஏற்றி ஒரு நாள் கழித்தும் 12.5 காட்டியது. சோலனாய்டு 12 வோல்ட் கொடுத்ததும் நன்றாகவே இழுத்தது, முனைகளுக்கு நடுவே 0.1 கூட விழவில்லை. இரண்டையும் துடைத்து, நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன்.